செகண்ட் ஹேண்ட் டவர் வாங்கப்போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

உங்கள் தெருவில் ஏதாவது ஒரு மொட்டைமாடியில், பழைய தூர்தர்ஷன் ஆன்டெனாவைப் பத்து மடங்கு பெரிதாக்கிய மாதிரி அலுமினியக் குச்சிகள் நீட்டிக்கொண்டு நிற்கிறதா? அந்த வீட்டில் ஒரு ஹாம் இருக்கிறார் என்று அர்த்தம். ஹாம் என்றால் அமெச்சூர் ரேடியோக்காரர். மத்திய அரசின் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, வி.யு.2, வி.யு.3 என்று ஆரம்பிக்கும் அழைப்புக்குறியுடன் உலகம் முழுக்கப் பேசுபவர். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்திகூட வி.யு.2.ஆர்.ஜி என்ற அழைப்புக்குறியோடு இருந்த ஹாம்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் தொலைத்தொடர்பு அறுந்துபோனபோது, போர்ட் பிளேரில் இருந்த ஹாம் குழுவின் வயர்லெஸ் வழியாகத்தான் பல குடும்பங்களுக்குச் செய்தி போனது.

தேர்வு எழுதியாச்சு, உரிமமும் வந்தாச்சு, செட்டும் வாங்கியாச்சு. அடுத்து எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்றுதான்: ஆன்டெனாவை இன்னும் உயரத்தில் ஏத்தணும். புது டவர் செய்யக் கொட்டேஷன் கேட்டால் தலை சுற்றும். அப்போதுதான் யாராவது சொல்வார்கள், "பழைய டவர் ஒண்ணு கிடக்கு, எடை போட்டு எடுத்துக்கலாம்" என்று.

எடுக்கலாம். தப்பே இல்லை. நல்ல இரும்பு ஒழுங்காகப் பராமரித்தால் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். ஆனால், பழைய பைக் ரிப்பேரானால் ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிக்கலாம். பழைய டவர் ரிப்பேரானால் அது யார் மேலாவது விழும். அதனால் இந்த விஷயத்தில் பேரத்தைவிடப் பரிசோதனைதான் முக்கியம்.

முதல்ல ஒரு கேள்வி: உங்களுக்கு டவர் வேணுமா?

உயரம் என்பது நீங்கள் எந்த அலைவரிசையில் பேசப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 14 மெகாஹெர்ட்ஸ் என்றால் அதன் அலைநீளம் சுமார் 20 மீட்டர். தூர தேசங்களுக்குப் பேச, படுக்கைவசமான ஆன்டெனா அலைநீளத்தில் குறைந்தது பாதி உயரத்திலாவது இருப்பது நல்லது. அதாவது 10 மீட்டர், கிட்டத்தட்ட 33 அடி. 28 மெகாஹெர்ட்ஸுக்கு இதில் பாதி போதும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 66 அடி வேண்டும். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் சென்னைக்கும் மதுரைக்கும் பெங்களூருக்கும் பேச அந்த உயரம் தேவையில்லை. தாழ்வாகக் கட்டிய டைபோல் ஒயரே அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

உள்ளூருக்குள் பேசப் பயன்படும் 144 மெகாஹெர்ட்ஸில் கணக்கு வேறு. இங்கே ஆன்டெனாவுக்குத் தெரியும் அடிவானம் வரைதான் சிக்னல் நன்றாகப் போகும். 9 மீட்டர் உயரத்திலிருந்து அது சுமார் 12 கிலோமீட்டர், 16 மீட்டரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், 25 மீட்டரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். எதிர்முனையில் இருப்பவரின் ஆன்டெனா உயரத்துக்கு ஏற்ப இது கூடும். உயரத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்கினாலும் தூரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பார்த்தீர்களா?

ஆக, இரண்டு மாடி வீட்டுக்காரருக்கு மொட்டைமாடியே 20 அடிக்கு மேல் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. அதன்மேல் 15, 20 அடிக்கு ஒரு நல்ல ஜி.ஐ. பைப் நிறுத்தினால் பலருக்கு அதுவே போதும். மோட்டார் வைத்துத் திருப்பும் கனமான யாகி ஆன்டெனா வேண்டும், 40 அடிக்கு மேல் வேண்டும் என்பவர்கள் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

சந்தையில் என்னென்ன கிடைக்கும்?

*ஆங்கிள் டவர்:* எல் வடிவ ஆங்கிள்களைப் போல்ட் போட்டு இணைத்த மூன்று கால் அல்லது நான்கு கால் டவர். இழுவைக் கம்பி இல்லாமல் தானே நிற்கும். கேபிள் டி.வி கன்ட்ரோல் ரூம்கள், வயர்லெஸ் இன்டர்நெட் கொடுத்த சின்ன நிறுவனங்கள், பழைய தொழிற்சாலைகள் ஆகியவற்றிலிருந்து வரும்.

*முக்கோண மாஸ்ட்:* மூன்று பைப்புகளுக்கு நடுவே கம்பியை வளைத்து வெல்டிங் செய்த 10 அடித் துண்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூன்று திசையிலும் ஸ்டே ஒயர் கட்டி நிறுத்துவது. விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் ஸ்டே ஒயர் கட்ட இடம் வேண்டும்.

*ஜி.ஐ. போல்:* செல்போன் நிறுவனங்கள் மொட்டைமாடியில் நிறுத்தியிருந்த தடிமனான குழாய்கள். 10 முதல் 20 அடி தேவைப்படுபவர்களுக்கு ரொம்பப் பொருத்தம்.

*கிராங்க் டவர்:* கைப்பிடியைச் சுற்றினால் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் துண்டுகள் மேலேறும் ரகம். மூத்த ஹாம்களிடமிருந்து எப்போதாவது விற்பனைக்கு வரும். இதன் உயிர், உள்ளே ஓடும் இரும்புக் கயிற்றில் இருக்கிறது. பழைய கயிறு பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் மாற்றியே ஆகவேண்டும். முழுக்கக் கீழே இறக்காமல் இதன்மேல் ஒருபோதும் ஏறக் கூடாது. கயிறு அறுந்தால் உள்ளே இறங்கும் துண்டு ஏறியிருப்பவரின் கால், கையைத் துண்டித்துவிடும்.

இதில் எது பழசாக வாங்க நல்லது என்றால், போல்ட் போட்ட ஆங்கிள் டவர்தான். காரணம் எளிது. ஆங்கிளின் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும். துரு இருந்தால் மறைக்க இடமில்லை. பைப் அப்படியில்லை. வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தண்ணீர் நின்று தின்றிருக்கும். ஒரு கால் வளைந்திருந்தாலும் ஆங்கிள் டவரில் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெல்டிங் மாஸ்ட்டில் முழுத் துண்டும் போச்சு.

"அண்ணே, இது எங்க நின்னுச்சு?"

விலை கேட்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். எந்த ஊரில் நின்றது, எத்தனை வருஷம், மேலே என்ன இருந்தது, ஏன் இறக்கினார்கள்?

தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர் மாதிரி கடலோரத்தில் நின்ற இரும்பும் சேலத்தில் நின்ற இரும்பும் ஒரே வயது என்றாலும் ஒரே நிலையில் இருக்காது. உப்புக்காற்று துத்தநாகப் பூச்சைச் சீக்கிரம் தின்றுவிடும். ரசாயன ஆலை, சாயப்பட்டறை பக்கத்தில் நின்றவையும் அப்படித்தான். புயலில் சாய்ந்ததால் இறக்கியது என்றால், நிமிர்த்திப் பெயின்ட் அடித்திருந்தாலும் வேண்டாம். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இரும்பு, அடுத்த முறை அதே இடத்தில்தான் வளையும்.

அடுத்தது, அது எதைத் தாங்கியது? கேபிள் டி.வி டவரில் சின்ன ஆன்டெனாக்கள் இருந்திருக்கும். நீங்கள் அதில் 20 அடி நீளக் குழாய்கள் கொண்ட யாகியை, சுழலும் மோட்டாரோடு வைக்கப்போகிறீர்கள். டவருக்குப் பாரம் பெரிய பிரச்னை இல்லை. 25 கிலோ ஆன்டெனாவை எதுவும் சுமக்கும். காற்றுதான் பிரச்னை.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. கட்டுமானங்களுக்கான காற்று விசையைச் சொல்லும் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ்.875, ஊர்வாரியாக அடிப்படைக் காற்று வேகத்தைக் கொடுக்கிறது. சென்னை, புதுச்சேரிக்கு விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். திருச்சிக்கு 47 மீட்டர். மதுரை, கோவைக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர்.

வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், இந்தச் சின்ன வித்தியாசம் பெரிய வித்தியாசமாகிறது. 39 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 93 கிலோ அழுத்தம். 50 மீட்டரில் சுமார் 150 கிலோ. அரை சதுர மீட்டர் பரப்புள்ள ஆன்டெனா என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் அதைக் காற்று 46 கிலோ விசையோடு தள்ளும். சென்னையில் 75 கிலோ. அதாவது 40 அடி உயரத்தில் ஓர் ஆள் தன் முழு எடையையும் போட்டுப் படுக்கைவசத்தில் இழுப்பது மாதிரி. இது தோராயக் கணக்குதான். டவரின் சொந்த உடம்பில் படும் காற்று தனி.

இதிலிருந்து என்ன புரிகிறது? மதுரையில் 20 வருஷம் அசையாமல் நின்ற டவர் என்பது சென்னையில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2016 டிசம்பர் 12 வர்தாவும் 2018 நவம்பர் 16 கஜாவும் நம் ஊரில் நடந்தவைதானே. டவரின் அளவு, ஆங்கிளின் தடிமன், ஆன்டெனாவின் பரப்பு மூன்றையும் எழுதிக்கொண்டு போய் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டுங்கள். அதற்குக் கொடுக்கும் ஃபீஸ்தான் இந்த முழுச் செலவிலும் ரொம்ப உபயோகமான பணம்.

இரும்பைப் பார்ப்பது எப்படி?

நேரில் போகும்போது கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், வயர் பிரஷ், நூல்கண்டு, வெர்னியர் அளவி எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே டவர் ஏறிப் பழகிய ஒரு மூத்த ஹாம் வந்தால் இன்னும் நல்லது. பகலில் போங்கள். டவர் நின்றுகொண்டிருந்தால், பார்க்கிறேன் என்று நீங்களாக ஏறவேண்டாம்.

*பூச்சு:* சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு, நாளாக நாளாக மங்கலான சாம்பல் நிறத்துக்கு வரும். அது நல்ல அறிகுறி. பளபளவென்று வெள்ளியாக மின்னினால் சந்தேகப்படுங்கள். அது நேற்று அடித்த சில்வர் பெயின்ட்டாக இருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் என்றால் செதில் செதிலாக உரிந்து அடியில் சிவப்பு தெரியும்.

*துரு:* மேலோட்டமான செம்மண் நிறத் துரு வயர் பிரஷ்ஷில் போய்விடும், பயமில்லை. அடை அடையாகப் பெயர்ந்து வந்தாலோ குழிகள் தெரிந்தாலோ இரும்பு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். வெர்னியரால் அளந்து பாருங்கள். 6 மி.மீ ஆங்கிள் 5 மி.மீ ஆகியிருந்தால் ஆறில் ஒரு பங்கு இரும்பு போய்விட்டது. 3 மி.மீ பைப் 2 மி.மீ ஆகியிருந்தால் மூன்றில் ஒரு பங்கே காணோம்.

*அடிப்பகுதி:* டவரின் வியாதி பெரும்பாலும் காலில்தான் ஆரம்பிக்கும். கான்கிரீட்டிலிருந்து இரும்பு வெளியே வரும் அந்த இரண்டு அங்குலத்தில் மழைநீர் தேங்கி, துரு சேரும். அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். 'கணீர்' என்று கேட்டால் நல்லது. 'டொக்' என்று செத்த சத்தம் வந்தாலோ சுத்தியல் உள்ளே பதிந்தாலோ நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பைப் மாஸ்ட் என்றால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டை இல்லாத பைப் என்றால் உள்ளே தண்ணீர் தங்கியிருக்கும்.

*நேர்த்தன்மை:* ஒவ்வொரு காலின் இரு முனைக்கும் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் கால் வளைந்திருக்கிறது. குறுக்குச் சட்டம் ஒன்றிரண்டு வளைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கால் வளைந்த துண்டு வேண்டாம்.

*ஓட்டைகள்:* போல்ட் ஓட்டை வட்டமாக இருக்கவேண்டும். முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தால், அந்த டவர் பல வருஷம் லூஸ் போல்ட்டோடு காற்றில் ஆடியிருக்கிறது.

*வெல்டிங்:* மூட்டுகளில் முடி மாதிரி மெல்லிய விரிசல் தெரிகிறதா? அந்தக் கோட்டில் துரு வழிந்த தடம் இருக்கும். ஒரிஜினல் வெல்டிங் மேல் யாரோ திரும்ப வெல்டிங் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்தத் துண்டை ஒதுக்குங்கள்.

*போல்ட், நட்டு, ஸ்டே ஒயர், டர்ன்பக்கிள்:* இவை எதையும் பழசாக வாங்கவே வாங்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள். புது ஜி.ஐ. போல்ட் வாங்கும்போது, எந்த கிரேடு என்று இன்ஜினீயர் எழுதிக்கொடுத்திருப்பதைத் தலையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜி.ஐ. பைப் வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ். இந்தியத் தரப்படி பைப்பில் மஞ்சள் பட்டை இருந்தால் லேசான ஏ கிளாஸ், நீலம் என்றால் நடுத்தர பி கிளாஸ், சிவப்பு என்றால் கனமான சி கிளாஸ். மாஸ்ட்டுக்கு சிவப்பைத் தேடுங்கள். பட்டை அழிந்திருந்தால் முனையில் சுவரின் தடிமனை அளந்துகொள்ளலாம்.

தரையில் அடுக்காமல் பணம் கொடுக்காதீங்க

ஏற்கெனவே கழற்றிப் போட்டிருக்கும் டவர் என்றால், எல்லாத் துண்டுகளையும் தரையில் வரிசையாகப் படுக்கவைத்து இணைத்துப் பாருங்கள். கீழ்த்துண்டு அகலம், மேல்துண்டு குறுகல் என்பதால் நடுவில் ஒன்று காணாமல் போயிருந்தாலும் மற்றவை சேராது. இரண்டு வேறு டவர்களின் துண்டுகளைக் கலந்து ஒரே டவர் என்று விற்பதும் உண்டு. அடிக்கால்களை கேஸ் கட்டிங்கில் அறுத்து எடுத்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அப்படியென்றால் கான்கிரீட்டுக்குள் இறங்கும் பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. புதிதாக பேஸ் பிளேட் செய்யும் செலவை விலையில் கழியுங்கள்.

விலை பெரும்பாலும் எடைக்குத்தான் பேசப்படும். அதனால் எடையை நீங்களே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். 50-க்கு 50-க்கு 6 மி.மீ ஆங்கிள் ஒரு மீட்டர் 4.5 கிலோ. 40-க்கு 40-க்கு 5 மி.மீ என்றால் 3 கிலோ. 12 மீட்டர் உயர நான்கு கால் டவரில் கால்கள் மட்டும் பெரிய ஆங்கிளில் 216 கிலோ வரும். குறுக்குச் சட்டங்களையும் இப்படியே அளந்து கூட்டுங்கள். அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்கினால் அதுதான் அந்த டவரின் அடிமட்ட விலை. அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அதன் நல்ல நிலைக்கான விலை. நிலை சரியில்லையென்றால் அந்த ரூபாயைக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

இன்னொன்று, கட்டாயம் ரசீது வாங்குங்கள். கைவிடப்பட்ட செல்போன் டவர்களைக் கழற்றித் திருடி விற்ற வழக்குகள் தமிழ்நாட்டிலேயே பதிவாகியிருக்கின்றன. விற்பவர் பெயர், எந்த இடத்தில் நின்றது என்ற விவரத்தோடு எழுதி வாங்கினால் பின்னால் போலீஸ் ஸ்டேஷன் ஏறவேண்டிய அவசியம் வராது.

நிற்கும் டவரைக் கழற்றுவது

"நீங்களே கழட்டி எடுத்துக்கோங்க, பாதி விலைக்குத் தர்றேன்" என்பார்கள். ஆசையைத் தூண்டும் வார்த்தை. ஆனால் இந்த முழு விவகாரத்திலும் உயிருக்கு அதிக ஆபத்தான கட்டம் இதுதான். டவர் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. அதற்குள் ஒருவரை அதன்மேல் ஏற்றுகிறீர்கள்.

அடிப்பகுதி சந்தேகமாக இருந்தால் யாரையும் ஏற்றாதீர்கள். கிரேனால் மேலே பிடித்துக்கொண்டு கீழே கழற்றுவதுதான் வழி. கிரேன் வர முடியாத சந்து என்றால் அந்த டவரை மறந்துவிடுங்கள். ஏறக்கூடிய நிலை என்றால்கூட, ஸ்டே ஒயர் மாஸ்ட்டில் தற்காலிகக் கம்பிகளைக் கீழ்மட்டத்தில் கட்டிய பிறகே மேல் ஒயரை அவிழ்க்கவேண்டும். ஏறுபவர் தோள், தொடை இரண்டையும் பிடிக்கும் முழு ஹார்னஸ் போட்டிருக்கவேண்டும். வெறும் இடுப்பு பெல்ட் போதாது. இரண்டு கொக்கிகளில் ஒன்றாவது எப்போதும் டவரில் மாட்டியிருக்கவேண்டும். துண்டுகளைக் கப்பியும் கயிறும் வைத்து ஒவ்வொன்றாக இறக்கவேண்டும். கீழே நிற்பவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் டவரின் உயரத்துக்குச் சமமான தூரத்துக்கு அப்பால் நிறுத்துங்கள்.

கழற்றும்போதே ஒவ்வொரு துண்டிலும் பெயின்ட்டால் நம்பரும் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள். செல்போனில் ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி விஷயத்தையும் யோசிங்க. 10 அடித் துண்டுகள் குட்டியானையில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு வந்துவிடும். 20 அடித் துண்டுகளுக்கு லாரிதான்.

உங்க வீட்டில் எங்கே நடுவது?

*மின்கம்பி:* முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். டவரும் அதன் மேலுள்ள ஆன்டெனாவும் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஈ.பி. லைனைத் தொடக் கூடாது. மொத்த உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி இருப்பது பாதுகாப்பு. தூக்கி நிறுத்தும்போது கை நழுவி ஒயர் மேல் சாய்ந்தால் பிடித்திருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து. உங்கள் வீட்டு வாசலில் லைன் போகிறது, பின்பக்கம் இடமில்லை என்றால் உங்களுக்கு டவர் ஒத்துவராது. இதில் சமரசமே வேண்டாம்.

*ஸ்டே ஒயருக்கு இடம்:* ஒயரைத் தரையில் கட்டும் இடம், டவர் உயரத்தில் 60 முதல் 80 சதவிகிதம் தள்ளி இருக்கவேண்டும். 40 அடி மாஸ்ட்டுக்குக் குறைந்தது 24 அடி. மூன்று திசையிலும் அப்படிக் கட்டினால் சுமார் 42 அடி நீளம், 36 அடி அகலமுள்ள முக்கோணம் வேண்டும். 40-க்கு 60 என்ற ஒரு கிரவுண்ட் மனையில் வீடே இல்லாமல் இருந்தால்தான் அது அடங்கும்! நகரத்தில் அரை கிரவுண்டில் வீடு கட்டியவர்களுக்கு ஸ்டே ஒயர் மாஸ்ட் தரையில் சாத்தியமில்லை.

*மொட்டைமாடி:* கைப்பிடிச் சுவர் என்பது நாம் விழாமல் இருக்கக் கட்டியது. அதில் கிளாம்ப் அடித்து டவரை நிறுத்தாதீர்கள். புயலில் சுவரோடு பெயர்த்துக்கொண்டு போகும். தளத்தின் நடுவிலும் வேண்டாம். பில்லரும் பீமும் எங்கே போகின்றன என்பதைக் கட்டட வரைபடத்தில் பார்த்து, பாரம் அவற்றில் இறங்குகிற மாதிரி சட்டம் செய்யவேண்டும். தளத்தில் கண்டபடி டிரில் போட்டால் டவர் நிற்கிறதோ இல்லையோ, அடுத்த மழைக்கு பெட்ரூம் ஒழுகும்.

*மண்:* கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதில் போட்ட அஸ்திவாரம் வருஷத்துக்கு வருஷம் ஆடும். கடற்கரை மணல் பிடித்துக்கொள்ளாது. செம்மண், சரளை மண் இரண்டும் பரவாயில்லை. தானே நிற்கும் டவரைக் கவிழாமல் பிடித்துக்கொள்வதில் அடியிலுள்ள கான்கிரீட்டின் எடைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2.4 டன். உங்கள் மண்ணுக்கும் டவருக்கும் எத்தனை கன மீட்டர் என்பதை இன்ஜினீயர் சொல்லட்டும். பலருக்கு இரும்பைவிட அஸ்திவாரச் செலவு அதிகமாகும். அதையும் சேர்த்துத்தான் 'சீப்பா வருது' என்று முடிவெடுக்கவேண்டும்.

கான்கிரீட் முழுப் பலம் பெற 28 நாள்கள் ஆகும். அதுவரை டவரை ஏற்றாதீர்கள். தை மாதம் குழி தோண்டி, மாசியில் நிறுத்தினால் ஆடிக்காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை முறுக்கிச் சரிபார்க்க நேரம் கிடைக்கும்.

இடிக்கு என்ன பண்றது?

உயரமான இரும்பு என்றால் மின்னலைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. டவரின் கால்களிலிருந்து தடிமனான செம்புப் பட்டையால் எர்த் குழிக்கு நேராக இணைப்பு கொடுங்கள். வளைவுகள் கூர்மையாக இருக்கக் கூடாது. இந்த எர்த்தையும் வீட்டு மின்சார எர்த்தையும் ஒன்றோடொன்று இணைக்கவேண்டும். தனித்தனியாக விட்டால் மின்னலின்போது இரண்டுக்கும் நடுவே பாயும் மின்சாரம் உங்கள் செட் வழியாகத்தான் போகும். வேலையைத் தகுதியான எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஆன்டெனா கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் லைட்னிங் அரெஸ்டர் போடுங்கள். இடி இடிக்க ஆரம்பிக்கும் முன்பே கேபிளைக் கழற்றி வெளியே விட்டுவிடுவது எல்லாவற்றையும்விட நல்ல பழக்கம்.

யாரிடம் கேட்கணும்?

ரேடியோ உரிமம் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி பிரிவு கொடுப்பது. அது இருக்கிறது என்பதாலேயே டவர் கட்ட அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு உயரக் கட்டுப்பாடு பொருந்தும். இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிட்டுள்ள வண்ண வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்தால் எவ்வளவு உயரம்வரை போகலாம் என்பது தெரிந்துவிடும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடமும் அப்படியே.

அப்புறம், பக்கத்து வீட்டுக்காரர். சட்டப்படி அவரிடம் கேட்கவேண்டுமோ இல்லையோ, டவர் விழுந்தால் அவர் வீட்டு மேல்தானே விழும்? இன்ஜினீயர் கொடுத்த கணக்கைக் காட்டிப் பேசுங்கள். 'செல்போன் டவர் வைக்கிறாங்களா, ரேடியேஷன் வருமா?' என்ற கேள்வி நிச்சயம் வரும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

கையோடு எடுத்துப்போக ஒரு லிஸ்ட்

* எந்த ஊரில், எத்தனை வருஷம் நின்றது? ஏன் இறக்கினார்கள்?
* நம் ஊர்க் காற்றுக்கும் நம் ஆன்டெனாவுக்கும் தாங்கும் என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டாரா?
* அடிக்காலைத் தட்டிப் பார்த்தாச்சா? தடிமன் அளந்தாச்சா?
* கால்கள் நேரா? ஓட்டைகள் வட்டமா? வெல்டிங்கில் விரிசல் இல்லையே?
* எல்லாத் துண்டும் இருக்கிறதா? தரையில் சேர்த்துப் பார்த்தாச்சா?
* கழற்ற, ஏற்ற, அஸ்திவாரம் போட, புது போல்ட் வாங்க, எர்த் செய்ய என மொத்தச் செலவையும் கூட்டியாச்சா?
* ஈ.பி. லைனிலிருந்து ஒன்றரை மடங்கு தூரம் இருக்கிறதா?
* ரசீது கிடைக்குமா?

இதில் ஒன்றுக்குக்கூட 'தெரியலை' என்று பதில் வந்தால் அட்வான்ஸை அன்றைக்குக் கொடுக்காதீர்கள். இன்னொரு டவர் வரும். பழைய கேபிள் ஆபீஸ்களும் மூடிய கம்பெனிகளும் இருக்கும்வரை இரும்புக்குப் பஞ்சமில்லை.

வாங்கி நிறுத்திய பிறகும் வேலை முடிந்துவிடாது. வருஷத்துக்கு இரண்டு முறை, ஆடிக்கு முன்னாலும் ஐப்பசிக்கு முன்னாலும் போல்ட் முறுக்கம், ஸ்டே ஒயர் இழுவை, அடிக்காலின் துரு மூன்றையும் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கிராங்க் டவரை இறக்கிவிடுங்கள். சாய்க்கக்கூடிய மாஸ்ட் என்றால் சாய்த்துவிடுங்கள். புயல் ஓய்ந்து, கரன்ட்டும் செல்போனும் இல்லாத அந்த இரவில் உங்கள் பேட்டரி செட்டுக்கு வேலை வரலாம். மறுபடி தூக்கி நிறுத்த ஆன்டெனா முழுசாக இருந்தால்தானே நீங்கள் யாருக்காவது உதவ முடியும்?